குழந்தையின் கரப்பானும் சர்க்கரை உருண்டையும்

பள்ளி விடுகிற நேரத்தில் பிள்ளையை அழைத்துப் போக வரும் தாய்மார்கள் என்னிடம் கேட்பதெல்லாம் பாடத்தைப் பற்றிய கேள்விகள் அல்ல. "டீச்சர், சின்னவனுக்குக் கரப்பான். ராத்திரி முழுக்கச் சொறிகிறான். கிளினிக்கில் கொடுத்த களிம்பைப் போட்டால் தோல் கெட்டுவிடும் என்கிறார்கள். ஹோமியோபதி கொடுக்கலாமா?" தஞ்சோங் கிளிங் வட்டாரத்தில் தோட்டத்திலும் சரி, தாமான் வீடுகளிலும் சரி, இந்தக் கேள்வி இல்லாத தெரு குறைவு. ஆகவே இம்மாதம் கரப்பானைப் பற்றியே பேசுவோம்.

கரப்பான் என்பது என்ன?

இங்கிலீஷில் இதற்கு எக்ஸிமா என்று பெயர். கைக்குழந்தைக்குப் பெரும்பாலும் கன்னத்தில் சிவந்து, சொரசொரத்து, நீர் கசியும். வளர்ந்த பிள்ளைக்கு முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்புறத்திலும் வரும். இது தொற்று நோய் அல்ல. கரப்பான் உள்ள பிள்ளையின் பக்கத்தில் உட்காராதே என்று எந்தத் தாயும் தன் பிள்ளைக்குச் சொல்லவேண்டாம்.

நம் தோலை ஒரு செங்கல் சுவராக நினைத்துக்கொள்ளுங்கள். செங்கல்லுக்கு இடையே சாந்து சரியாக இருந்தால் உள்ளே உள்ள ஈரம் வெளியே போகாது. வெளியே உள்ள அழுக்கும் கிருமியும் உள்ளே வராது. கரப்பான் பிள்ளைக்கு அந்தச் சாந்து குறைவு. தோலைக் கட்டிக்காக்கும் ஒரு புரதம் சிலருக்குப் பிறவியிலேயே குறைவாக இருப்பதை விஞ்ஞானிகள் 2006ஆம் ஆண்டில் கண்டுபிடித்தார்கள். குடும்பத்தில் இளைப்பும் ஓயாத தும்மலும் இருந்தால் பிள்ளைக்குக் கரப்பான் வருவதும் இதை ஒட்டியதே. எனவே "இரத்தம் கெட்டுவிட்டது", "மசக்கையில் எதையோ சாப்பிட்டாள்" என்று தாயின் தலையில் பழி போடுவது நியாயமில்லை.

அரிப்பு என்றாலே கரப்பான் என்றும் எண்ணிவிடக்கூடாது. வீட்டில் எல்லாருக்கும் அரித்து, விரல் இடுக்கில் பொரிந்து, இரவில் அதிகமானால் அது சிரங்காக இருக்கலாம். வட்டமாக ஓரம் தடித்துப் பரவினால் படையாக இருக்கலாம். கரப்பானுக்கான களிம்பைப் படையின் மேல் பூசினால் படை இன்னும் பரவும். ஆகவே முதலில் டாக்டரிடம் காட்டித் தெரிந்துகொள்ள வேண்டும். அரசாங்க கிளினிக்கில் நம் நாட்டுப் பிரஜைக்கு 1 வெள்ளிதானே!

களிம்புக்குப் பயம் ஏன்?

டாக்டர் கொடுப்பது பெரும்பாலும் ஸ்டிராய்டு களிம்பு. வீரியமானதை மாதக்கணக்கில், கேட்பாரின்றி, முகத்தில் பூசினால் தோல் மெலிவது உண்மை. ஆனால் அந்தந்த இடத்துக்கு ஏற்ற வீரியத்தில், சொன்ன நாட்களுக்கு மட்டும் பூசினால் பயப்பட வேண்டியதில்லை. அளவுக்கு ஒரு கணக்கு உண்டு. பெரியவர் ஒருவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கிய களிம்பு, இரண்டு உள்ளங்கை அகலத் தோலுக்குப் போதும். பயந்து பயந்து பொட்டு வைத்தாற்போல் பூசுவதால்தான் பலருக்குக் குணம் தெரிவதில்லை.

அதைவிட முக்கியம் ஈரப்பதம். குளிர்ந்த அல்லது இளஞ்சூட்டு நீரில் ஐந்து பத்து நிமிடம் குளிப்பாட்டுங்கள். வாசனைச் சவர்க்காரம் வேண்டாம். தேய்க்காமல் துண்டால் ஒற்றி எடுத்து, உடம்பு ஈரமாக இருக்கும்போதே வாசலின் போன்ற மணமில்லாத களிம்பைத் தாராளமாகப் பூசுங்கள். தோல் நன்றாக இருக்கும் நாட்களிலும் இதைத் தினமும் செய்யவேண்டும். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். பருத்தி உடை போடுங்கள்.

ஹோமியோபதி என்ன சொல்கிறது?

இது ஜெர்மனியில் பிறந்த வைத்தியம். 1755ஆம் ஆண்டு பிறந்த சாமுவேல் ஹானிமன் என்ற டாக்டர் 1796இல் இதன் அடிப்படையை வெளியிட்டார். எந்தப் பொருள் ஒரு நோயின் குறியை உண்டாக்குமோ, அதே பொருளை மிகச் சிறிய அளவில் கொடுத்தால் அந்த நோய் தீரும் என்பது அவர் கொள்கை. கரப்பானுக்கு கிராபைட்டிஸ், சல்பர் போன்றவற்றைக் கொடுப்பார்கள்.

அந்தச் 'சிறிய அளவு' எவ்வளவு? ஒரு சொட்டு மருந்தை 99 சொட்டு நீரிலோ சாராயத்திலோ கலந்து குலுக்குவார்கள். அதிலிருந்து ஒரு சொட்டை எடுத்து மறுபடியும் 99 சொட்டில் கலப்பார்கள். புட்டியில் 30 என்று போட்டிருந்தால் இப்படி முப்பது தடவை செய்ததாகப் பொருள். பன்னிரண்டு தடவையைத் தாண்டினாலே மூலப்பொருளின் ஓர் அணுத்துகள்கூட மிஞ்சியிருப்பது அரிது என்பது ரசாயனக் கணக்கு. ஆஸ்திரேலிய அரசாங்கத்தின் மருத்துவ ஆய்வுக் கழகம் பல ஆய்வுகளை அலசி, எந்த நோய்க்கும் ஹோமியோபதி பலன் தருகிறது என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்று 2015இல் முடிவு சொன்னது. இங்கிலாந்தின் அரசாங்க மருத்துவத் துறையும் 2017இல் அதை எழுதிக்கொடுக்க வேண்டாம் என்று டாக்டர்களுக்கு அறிவுறுத்தியது.

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய மருத்துவச் சட்டத்தில் ஹோமியோபதியும் இடம்பெற்றிருக்கிறது. வைத்தியரை ஒழுங்குபடுத்துவதற்கான சட்டம் அது. மருந்து நோயைத் தீர்க்கும் என்ற உத்தரவாதம் அல்ல.

"அப்படியானால் எதிர்வீட்டுப் பிள்ளைக்குக் குணமானது எப்படி?" என்று கேட்பீர்கள். கரப்பான் ஏறி இறங்கும் நோய். உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் புது மருந்தைத் தேடி ஓடுகிறோம். பிறகு அது தானாகவே இறங்கும்போது மருந்துக்குப் பேர் கிடைக்கிறது. வளர வளரப் பல பிள்ளைகளுக்கு வெகுவாகக் குறைந்தும் போகிறது. இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஹோமியோபதி வைத்தியர் அரைமணி நேரம் உட்கார வைத்துக் கேட்கிறார். கூட்டமான கிளினிக்கில் நம்பர் எடுத்துக் காத்திருந்த தாய்க்கு அது பெரிய ஆறுதல்.

சிட்னியில் நடந்தது

சர்க்கரை உருண்டையால் கெடுதல் வருவது அரிது. அதை நம்பி மற்றதை நிறுத்துவதில்தான் ஆபத்து. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் குடியேறிய ஓர் இந்தியக் குடும்பம்; தகப்பனார் ஹோமியோபதி வைத்தியர். பெண் குழந்தைக்கு நான்காம் மாதத்தில் கரப்பான் கண்டது. தோல் டாக்டரிடம் காட்டும்படி தாதி சொல்லியும் பெற்றோர் ஹோமியோபதியையே பிடித்துக்கொண்டார்கள். தோல் வெடித்து, கிருமி புகுந்து, குழந்தை எடை இழந்தது. 2002 மே மாதம், கண்ணிலும் கிருமி தாக்கிய பிறகு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரத்தத்தில் கிருமி பரவிவிட்டிருந்தது. ஒன்பது மாதக் குழந்தை சில நாட்களில் இறந்தது. 2009இல் நீதிமன்றம் தாய் தந்தை இருவரையும் மரணம் விளைவித்த குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்துச் சிறைக்கு அனுப்பியது.

அவர்கள் படிக்காதவர்கள் அல்ல. தாங்கள் நம்பிய வைத்தியத்தால் பிள்ளை மோசமாவதைக் கண்ட பிறகும் வழியை மாற்றவில்லை. அதுதான் தவறு.

தாய்மார்கள் நினைவில் கொள்ளவேண்டியவை

ஹோமியோபதிதான் பார்ப்பேன் என்றால், கிளினிக் மருந்தையும் வாசலினையும் நிறுத்தாதீர்கள். நிறுத்தச் சொல்லும் வைத்தியரிடம் பிள்ளையை விடாதீர்கள். "முதலில் அதிகமாகித்தான் பிறகு குறையும்" என்ற சொல்லை நம்பி நாளைக் கடத்தாதீர்கள்.

சீழ், மஞ்சள் பொருக்கு, காய்ச்சல், வலியோடு கொத்தாகக் கொப்புளம், கண் சிவப்பு, பால் குடிக்க மறுப்பது, எடை குறைவது: இவற்றில் ஒன்று கண்டாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கரப்பான் பண்டம் என்று கத்தரிக்காய், முட்டை, மீன், பால் எல்லாவற்றையும் நிறுத்திப் பிள்ளையை வாட்டாதீர்கள். ஒரு பண்டம் ஒத்துக்கொள்ளவில்லை என்று தோன்றினால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

சந்தையிலும் போனிலும் விற்கிற, பேர் தெரியாத 'அதிசயக் களிம்பை' வாங்காதீர்கள். பதிவு பெறாத மருந்துகளில் ரகசியமாக ஸ்டிராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. 'மால்' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக, உங்கள் கையையும் பாருங்கள். ரப்பர் பாலில் சேர்க்கும் அமோனியா, உறைய வைக்கும் ஆசிட், களைக்கொல்லி, ரப்பர் கையுறை, சவர்க்காரத் தூள் எல்லாமே பெரியவர்களுக்கும் கரப்பானைக் கொண்டுவரும். வேலைக்குப் போய் வந்தால் கையைக் கழுவி, உடுப்பை மாற்றிவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள். அந்தக் கைக்கும் இரவில் கொஞ்சம் வாசலின் பூசுங்கள்.