கௌரவ விரிவுரையாளரின் கையில் விடைத்தாள்

திருநெல்வேலி மாவட்டத்து மலைமேல் இருக்கும் மாஞ்சோலையில் கல்லூரி கிடையாது. பிளஸ் டூ முடித்த பிள்ளை அம்பாசமுத்திரத்துக்கோ பாளையங்கோட்டைக்கோ இறங்கியாக வேண்டும். 2024-இல் தேயிலைத் தோட்ட நிறுவனம் விருப்ப ஓய்வு கொடுத்த பிறகு குடும்பங்களும் இறங்கத் தொடங்கின. ஊர் மாறி, பள்ளி மாறி வரும் பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு இருந்தால் அதை யார் கவனித்திருப்பார்கள்?

கல்லூரியில் கவனிப்பவர் பெரும்பாலும் கௌரவ விரிவுரையாளர்தான். கேட்டால் வாயால் தெளிவாகப் பதில் சொல்லும் மாணவன், விடைத்தாளில் ‘ள’வையும் ‘ழ’வையும் இடம் மாற்றி எழுதி, பாதி வரியில் நின்றுபோகிறான். ‘சோம்பேறி’ என்று எழுதித் தள்ளுவது எளிது. உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க நேரம் வேண்டும். அந்த நேரத்துக்குச் சம்பளம் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2019-இலேயே மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்றது. தமிழக அரசுக் கல்லூரிகளில் 2023-இல் உயர்த்தியும் கிடைத்தது 25,000தான்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டை ஊனமாக ஏற்றது. மாற்றுத்திறனாளிகள் எல்லோருக்குமாக உயர்கல்வியில் 5 சதவீத இடமும் தந்தது. ஆனால் எல்லாவற்றுக்கும் சான்றிதழ் வேண்டும். 2018-இல் வந்த நெறிமுறை 8, 14, 18 வயதுகளில் பரிசோதனை கேட்டது. பதினெட்டில் பெறும் சான்றிதழே ஆயுள் முழுக்கச் செல்லும் என்றது. அதாவது, கல்லூரியில் சேரும் வயது! சேர்க்கை நாளிலேயே கல்லூரி வளாகத்தில் மருத்துவக் குழுவை உட்கார வைக்க அரசாணை போதும். கௌரவ விரிவுரையாளர் தனியே சொல்லித்தரும் மணி நேரத்தையும் பணிநேரமாகக் கணக்கிட்டு ஊதியம் தர வேண்டும். உயர்கல்வித் துறை வரும் கல்வியாண்டிலேயே இதைத் தொடங்கட்டும்.