விதியின் மேல் பழி

2018இல் தொடங்கிய 'ஸ்பிளின்டர்லேண்ட்ஸ்' என்னும் இணையச் சீட்டாட்டத்தில் போருக்குப் போர் விதி மாறும். அவ்விதிகள் திறமையைக் கொல்கின்றன என்கிறார்கள், லெஜண்டரி சீட்டுகளை வாங்கிக் குவித்தவர்கள். நாங்கள் மறுக்கிறோம்.

'லாஸ்ட் மேஜிக்' விதியில் மந்திரத் தாக்குதலுக்கு இடமில்லை. மந்திரத் தடுப்புச் சீட்டை அங்கே இறக்குபவர் மானாவை வீணடிக்கிறார். 'ரிவர்ஸ் ஸ்பீட்' வந்தால் மந்தமானதே முந்தித் தாக்கும். 'ரைஸ் ஆஃப் த காமன்ஸ்' லெஜண்டரியையே வாசலில் நிறுத்திவிடும். வலிப்பது இங்கேதான்.

சாதாரணச் சீட்டின் நிலையை உயர்த்தவும் பணம் உதவும், அதை மறைக்கவில்லை. ஆனால் அணியை அனுப்பியபின் போர் தானாக நடக்கிறது. சிந்தனைக்கு எஞ்சுவது தேர்வும் வரிசையும் மட்டுமே. விதி இல்லையேல் விலையுயர்ந்த ஒரே அணி என்றைக்கும் போதும்.

கனிச்சீரை விலக்கியதால் வெண்பா செத்தா போயிற்று?