தேய்ந்த கியர்ப் பற்களும் தேய்ந்துவரும் கைத்திறனும்

யாழ்ப்பாணத்தின் யுத்தகால வாழ்வைப் பற்றி எழுதுகிறவர்கள் தவறாமல் குறிப்பிடும் செய்தி ஒன்றுண்டு: மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள். 1990 ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டின் மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் பெற்றோலும் மின்கலமும் உதிரிப்பாகங்களும் அடங்கியிருந்தன. சில துளி பெற்றோலைக் காபரேற்றரினுள் விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடவிடும் உத்தியை அங்கு வாழ்ந்தவர்கள் அறிவர். புலம்பெயர்ந்த நாடுகளின் ஒன்றுகூடல்களில் இன்றும் அது பெருமையுடன் சொல்லப்படுகிறது. ஆனால் அந்த வாகனங்களின் கியர்ப் பெட்டிக்கு என்ன நேர்ந்தது, அதை எப்படிச் சீர்செய்தார்கள் என்பதைப் பற்றி எழுதப்பட்டதை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

குடாநாட்டில் பெருவழக்காக இருந்த ஹொண்டா போன்ற ஜப்பானிய நான்கு வீச்சு வண்டிகளில் இயந்திரத்துக்கும் கியர்ப் பெட்டிக்கும் ஒரே ஒயில்தான். மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல முற்றாக எரிவதில்லை. எரியாத பகுதி சிலிண்டர் சுவர் வழியே கீழிறங்கி ஒயிலை நீர்க்கச் செய்யும். நீர்த்த ஒயிலில் சுழலும் பற்களும் பெயரிங்குகளும் விரைவாகத் தேயும். பி.எஸ்.ஏ., டிரையம்ப் போன்ற பழைய பிரித்தானிய வண்டிகள் பலவற்றில் கியர்ப் பெட்டி தனியாக அமைந்திருந்ததால் அவை இந்தக் கேட்டிலிருந்து தப்பின. ஆனால் அவற்றுக்கு வயதே பகை.

தேய்ந்த கியர்ப் பெட்டியின் முதல் அடையாளம், பாரம் ஏறும்போது கியர் தானாக விடுபடுவது. ஒரு கியரின் பக்கவாட்டிலுள்ள பூட்டுப் பற்கள் அடுத்த கியரின் குழிகளில் பொருந்தி நிற்கவேண்டும். அவற்றின் விளிம்பு மழுங்கினால் பிடி நழுவும். ஆயினும் குற்றம் எப்போதும் பற்களில் இருப்பதில்லை. கியரை நகர்த்தும் கவை வளைந்திருக்கலாம். தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து தண்டு ஆடலாம். கியரை நிலையில் நிறுத்தும் சுருள்வில் தளர்ந்திருக்கலாம். இவற்றை ஒழுங்காகச் சோதிக்காமல் புதிய கியரைப் போட்டால் சில மாதங்களில் அதுவும் மழுங்கும். புதிய கியரே கிடைக்காத ஊரில் இந்தச் சோதனை ஒழுங்குதான் தொழிலின் உயிர்.

சீர்செய்யும் முறையும் எளிதன்று. மழுங்கிய பல்லின் மீது உலோகத்தை ஒட்டி நிரப்பி, அரத்தால் உருவம் கொடுக்கவேண்டும். பாரம் ஏற ஏற ஒன்றையொன்று உள்ளிழுக்கும் வகையில் பற்களின் முகத்தைச் சற்றே உட்சாய்வாக அமைக்கவேண்டும். ஒட்டும் சூட்டில் பல்லின் மேற்பரப்பு தன் கடினத்தை இழந்துவிடும். அதை மீட்க, கரித்தூள் நிரப்பிய மூடிய பெட்டியில் பல மணி நேரம் செஞ்சூட்டில் வைத்து, பின்னர் எண்ணெயில் தோய்ப்பது பழைய முறை. புஷ்ஷை வெண்கலத்தில் கடைந்தெடுக்கவேண்டும். மில்லிமீற்றரின் சிறு பின்னங்களில் தடிப்பு வேறுபடும் வாஷர்களைக் கொண்டு தண்டின் ஆட்டத்தைக் கட்டுப்படுத்தவேண்டும். குடாநாட்டின் கராஜ்களில் இத்தகைய வேலைகளைச் செய்யும் முதியவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்களிடம் புத்தகம் இல்லை. வரைபடமும் இல்லை. கேட்டால், "செய்யச் செய்ய வரும்" என்பார்கள்.

என் கவலை அந்த ஒற்றை வரியைப் பற்றியதே. அவர்களுக்கு இன்று எழுபதை ஒட்டிய வயது. பிள்ளைகள் வேறு தொழிலுக்கோ வெளிநாட்டுக்கோ போய்விட்டார்கள். அருகில் நின்று பார்க்கச் சீடன் இல்லாதபோது, செய்யச் செய்ய வருவது யாருக்கு வரும்?

புதிய வண்டியை வாங்கலாமே, இந்தப் பழைய வித்தை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 2002 ஏப்ரலில் ஏ-9 பாதை திறந்தபோதும் அப்படித்தான் நினைத்தோம். 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசை நின்றது. தனியார் வாகன இறக்குமதிக்கு மீண்டும் வழிவிடப்பட்டது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில் விவசாயியின் பழைய மோட்டார் சைக்கிளையும் இரு சக்கர உழவு இயந்திரத்தையும் ஓடவைத்தது இதே கைத்திறன்தான். செல்வந்த நாடுகளும் இப்போது பழுதுபார்ப்பின் பக்கம் திரும்புகின்றன. பிரான்ஸ் 2021 முதல் சில மின்சாதனங்களுக்குப் பழுதுபார்க்கும் தகுதிப் புள்ளி வழங்கிவருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் பழுதுபார்க்கும் உரிமைக்கான சட்டத்தை நிறைவேற்றியது.

இதனால் தட்டுப்பாட்டைப் போற்றவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது கொடுமை. அக்காலத்தில் செய்த ஒட்டுவேலைகள் எல்லாமே நல்லவையும் அல்ல. ஓட்டத்தில் உடைந்து பின்சக்கரத்தை இறுக்கிவிடும் கியர் உயிரைப் பறிக்கும். ஆகவேதான் வெறும் நினைவுக் கதைகள் போதா என்கிறேன். எந்த முறை பாதுகாப்பானது, எது அந்நேரத்துத் தேவைக்கு மட்டும் உதவியது என்பதை உலோகம் படித்தவர்கள் சோதித்துப் பிரிக்கவேண்டும்.

இதற்கு முன்னுதாரணம் நம் மண்ணிலேயே உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேனாட்டு மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார், நூல்களைத் தமிழாக்கினார், கலைச்சொற்களை உருவாக்கினார். மருத்துவத்துக்கு அன்று முடிந்தது கியர்ப் பெட்டிக்கு இன்று முடியாதா?

செய்யவேண்டியவை மூன்று. 2005 முதல் ஈழத்து ஆவணங்களை எண்ணிமமாக்கிவரும் நூலக நிறுவனம் போன்ற அமைப்புகளின் துணையோடு, முதிய தொழிலாளர் ஒரு கியர்ப் பெட்டியைப் பிரித்துப் பூட்டும் வேலை முழுவதையும் அவர்களது சொற்களோடு ஒளிப்பதிவு செய்யவேண்டும். யாழ்ப்பாணத் தொழில்நுட்பக் கல்லூரியிலும், கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை ஜெர்மன் பயிற்சி நிறுவனத்திலும் அவர்கள் ஊதியத்துடன் வகுப்பெடுக்க வழிசெய்யவேண்டும். சான்றிதழ் இல்லை என்று வாசலில் நிறுத்தக்கூடாது. புலம்பெயர்ந்தோர், கோயிலுக்கும் பாடசாலைக்கும் கொடுப்பதில் சிறு பங்கை இளம் சீடர்களின் உதவித்தொகைக்கு ஒதுக்கவேண்டும். ஈராண்டு உதவித்தொகை இருந்தால் ஓர் இளைஞன் ஒரு முதியவரின் அருகில் நின்று தொழில் பழகிவிடுவான்.

பழைய மோட்டார் சைக்கிள்களைச் சேகரிப்போர் இப்போது குடாநாட்டுக்கும் வந்து நல்ல விலை கேட்கிறார்கள். வண்டிகள் எப்படியும் யாரிடமாவது பத்திரமாக இருக்கும். அவற்றைத் திறந்து பூட்டத் தெரிந்தவர்களைப் பற்றித்தான் நாம் இப்போது முடிவெடுக்கவேண்டும். அதற்கு இன்னும் பத்தாண்டு அவகாசம் இருக்கிறது என்று நான் நம்பவில்லை.