பாதத்தில் மயங்குவது பைத்தியமா?

ஒரு பெண்ணின் கண்ணழகில் ஒருவன் மயங்கினால் ஊர் ஒன்றும் சொல்வதில்லை. கூந்தலில் மயங்கினால் கவி என்கிறது. பாதத்தில் மயங்கினேன் என்று சொன்னால் மட்டும் விழுந்து விழுந்து சிரிக்கிறது, அல்லது, "சே, இதென்ன விபரீதம்!" என்று முகம் சுளிக்கிறது. இது நியாயந்தானா?

விஷயம் புதிதல்ல. பிரான்ஸ் தேசத்து நாவலாசிரியர் ரெத்தீஃப் த லா பிரெத்தோனுக்குப் பெண்களின் பாதத்திலும் பாதரட்சையிலும் இருந்த மோகம் பிரசித்தம். 1769-ல் வெளியான அவர் நாவல் ஒன்றுக்குத் தலைப்பே கதாநாயகியின் பாதந்தான்! 1887-ல் ஆல்ஃபிரெட் பினே இத்தகைய மோகத்துக்கு 'ஃபெட்டிஷிசம்' என்ற பெயரை வழங்கினார். பிள்ளைகளின் புத்தியை அளக்கச் சோதனை வகுத்தாரே, அதே பினேதான். காதல் கொண்ட எல்லோரிடமும் இது சிறிதளவு உண்டு. அளவு மிஞ்சுவதே வித்தியாசம் என்பது அவர் கருத்து. பெயரை ஞாபகம் வைத்துக்கொண்ட உலகம் இந்தக் கருத்தை மறந்துவிட்டது.

எத்தனை பேருக்கு இது உண்டு? அமெரிக்க மனோதத்துவ நிபுணர் ஜஸ்டின் லேமில்லர் 4,175 பேரின் அந்தரங்கக் கற்பனைகளைக் கேட்டறிந்து 2018-ல் நூலாக வெளியிட்டார். ஏறக்குறைய 7 பேரில் ஒருவர், பாதம் முக்கியமாக வரும் கற்பனை தமக்கு உண்டு என்றார். தாமாக முன்வந்து பதில் சொன்னவர்கள் இவர்கள். ஆகையால் கணக்கைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே கொள்ள வேண்டும். பாதியைத் தள்ளினாலும் மிச்சம் சொற்பமல்ல.

காரணம் சொன்னவர்களில் நம்மவர் ஒருவரும் உண்டு. மூளை நிபுணர் வி. எஸ். ராமச்சந்திரன், மூளையில் பாதத்தின் உணர்ச்சிக்கும் பிறப்புறுப்பின் உணர்ச்சிக்கும் அடுத்தடுத்த வீடு என்பதைச் சுட்டி, ஒரு வீட்டுச் சத்தம் மறு வீட்டில் கேட்கலாம் என்றார். அழகான விளக்கம்! ஆனால் 2014-ல் வெளியான ஓர் ஆய்வில், சுமார் 800 பேர் தொடுகை இன்பத்தில் பாதத்துக்குக் கிட்டத்தட்டக் கடைசி மார்க்கே போட்டார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை.

வைத்தியர்களோ இதற்குள் மனம் மாறிவிட்டார்கள். ஸ்வீடன் 2009-லும் நார்வே 2010-லும் இதை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கின. 2022-ல் அமலுக்கு வந்த உலக சுகாதார ஸ்தாபனத்தின் பட்டியலிலும் இந்தப் பெயர் தனி நோயாக இல்லை. தனக்கு வேதனையோ பிறருக்குத் தீங்கோ இல்லாதபோது நோய் எங்கே?

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். பஸ்ஸில் எதிரே அமர்ந்த பெண்ணின் காலை அவளறியாமல் படம் பிடிப்பவனுக்கு இந்த வாதம் எதுவும் கவசமாகாது. அவன் செய்வது மோகமல்ல, அத்துமீறல். கட்டிய மனைவியானாலும் 'வேண்டாம்' என்று சொல்ல அவளுக்கு உரிமை உண்டு.

ஆனால் அவளிடம் கேட்கவே அஞ்சுகிறானே, அந்த அப்பாவியின் கதி? சிரிப்பார்களே என்று டாக்டரிடமும் சொல்வதில்லை. பத்து வருஷம் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும் வாய் திறப்பதில்லை. பிறகொரு நாள் அவன் கைப்பேசியில் எதையோ பார்த்து அவள் திடுக்கிடுகிறாள். அப்போது அவள் மனத்தைச் சுடுவது பாதத்தின் படமல்ல. இத்தனை காலம் தன்னிடம் மறைத்தானே என்பதுதான்.