பராமரிக்க ஆளில்லாத பாலங்கள்

ஒன்றை உருவாக்குபவருக்குக் கிடைக்கும் புகழ் அதனைப் பேணிக் காப்பவருக்குக் கிடைப்பதில்லை என்பது உலக வழமை. குளத்தைக் கட்டிய மன்னனின் பெயர் கல்வெட்டிலே இருக்கின்றது. மாரி தொடங்குமுன் அணைக்கட்டின் எலிவளைகளை அடைத்து, வாய்க்காலைத் துப்புரவு செய்து, துருசைச் சரிபார்த்து வைத்தவர்களின் பெயர்கள் எங்கும் பொறிக்கப்படவில்லை. ஆயினும், அவர்கள் சில பருவங்கள் தமது வேலையைச் செய்யாது விட்டிருப்பின் மன்னனின் குளமும் நிலைத்திராது, அதன்கீழ் வயலும் விளைந்திராது.

கணனி உலகிலும் இதே நிலைமையே காணப்படுகின்றது. வங்கிகளும் வைத்தியசாலைகளும் அரச திணைக்களங்களும் தங்கியிருக்கும் மென்பொருள்களின் அடித்தளத்தில் உள்ள சில கருவிகளை விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே, பெரும்பாலும் ஊதியமின்றி, பராமரித்து வருகின்றனர். அவர்கள் களைத்துப் போனால் என்ன நேரும் என்ற வினா கடந்த சில ஆண்டுகளில் பல தடவைகள் அபாயகரமான முறையில் எழுந்துள்ளது. இது கணனி வல்லுநர்களின் உள்வீட்டு விவகாரம் என எண்ணி நாம் ஒதுங்கியிருக்க முடியாது.

அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் 1970களின் ஆரம்பத்தில் டெனிஸ் ரிச்சி உருவாக்கிய சி மொழி, அரை நூற்றாண்டு கடந்த பின்னரும் கணனிகளின் அடிமண்ணாக இருந்து வருகின்றது. இயங்குதளங்கள், தகவல்களை இரகசியக் குறியீடாக்கும் முறைகள், கோப்புகளைச் சுருக்கும் வழிகள் என எண்ணற்ற பணிகளுக்கான ஆயத்த நிரல்கள் சி மொழியிலேயே எழுதி வைக்கப்பட்டுள்ளன. இத்தகைய நிரல் தொகுதிகளையே நூலகங்கள் என அழைக்கின்றனர். ஆனால், இன்றைய இளம் நிரலாளர்களிற் பெரும்பாலானோர் பைதன், ஜாவா, ரூபி போன்ற மொழிகளிலேயே எழுதுகின்றனர். இம்மொழிகளிலிருந்து சி நூலகமொன்றை அழைப்பதற்கு நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவை. அந்த மொழிபெயர்ப்பு நிரலே பிணைப்பு எனப்படுகின்றது. ஆயிரம் செயற்பாடுகளைக் கொண்ட நூலகத்தைப் பத்து மொழிகளுக்குப் பிணைப்பதாயின் பத்தாயிரம் மொழிபெயர்ப்புகளைக் கையால் எழுதவேண்டும். அது ஆகக்கூடிய காரியமல்ல என்பதாலேயே பிணைப்புகளைத் தானாக ஆக்கித் தரும் கருவிகள் தோன்றின.

இவ்வகைக் கருவிகளுள் நீண்ட ஆயுளைக் கொண்டவற்றுள் ஒன்று ஸ்விக் ஆகும். அமெரிக்காவின் லொஸ் அலமோஸ் தேசிய ஆய்வுகூடத்தில் பணியாற்றிய டேவிட் பீஸ்லி 1995ஆம் ஆண்டு இதனை ஆரம்பித்தார். அணுக்களின் அசைவுகளைக் கணிக்கும் பாரிய சி நிரல்களை எளிய மொழியொன்றிலிருந்து இயக்கவேண்டும் என்பதே அவரது தேவையாக இருந்தது. 1996ஆம் ஆண்டு வெளியுலகின் பாவனைக்கு விடப்பட்ட இக்கருவி, பௌதிகவியல் ஆய்வுகூடத்தின் மதிலைத் தாண்டிப் பல துறைகளுக்கும் பரவியது. நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் சப்வேர்ஷன் மென்பொருள் இதனைப் பயன்படுத்தியது. கூகிள் நிறுவனம் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட டென்சர்ஃப்ளோ என்னும் செயற்கை நுண்ணறிவு நூலகமும் ஆரம்பத்தில் இதன் துணையுடனேயே பைதன் மொழியுடன் பேசியது. இயற்றியவர் பின்னர் வேறு பணிகளுக்குச் சென்றுவிட, கருவியைப் பேணும் பொறுப்பு தன்னார்வலர்களின் கைக்கு மாறியது.

இக்கருவியின் வேலை பார்வைக்கு எளிதாகத் தோன்றலாம். சி நூலகத்தின் முகப்புக் கோப்பிலே ஒவ்வொரு செயற்பாட்டின் பெயரும், அது பெறுவதும் தருவதும் எத்தகையவை என்பதும் எழுதப்பட்டிருக்கும். அதனைப் படித்து மறுமொழியில் எழுதிவிட்டால் போதும் என ஒருவர் நினைக்கலாம். சிக்கல் அங்கேதான் ஆரம்பமாகின்றது. நினைவகத்தின் ஓரிடத்தைச் சுட்டிக்காட்டும் முகவரியொன்றைத் தருவதாக முகப்புக் கோப்பு கூறும். அந்த இடத்தில் இருப்பது ஒரு சொல்லா அன்றி வெறும் தரவுக் குவியலா என்பதை அது கூறாது. பயன்படுத்திய பின்னர் அந்த இடத்தை விடுவிக்கவேண்டியவர் நூலகத்தாரா, அழைத்தவரா என்பதையும் கூறாது. பைதன் போன்ற மொழிகளில் தேவையற்ற நினைவகம் தானாகவே மீட்கப்படுகின்றது. சி மொழியில் அதனை நிரலாளரே செய்யவேண்டும். இரு தரப்பாரும் விடுவித்தால் நிரல் நிலைகுலையும். இருவருமே விடுவிக்காது விட்டால் நினைவகம் சிறிது சிறிதாக ஒழுகும். வாசல் முகவரியை மட்டும் வைத்துக்கொண்டு வீட்டின் உறுதி யார் பெயரில் இருக்கின்றது எனத் தீர்மானிக்க முடியாது அல்லவா?

ஆகவே, எழுதப்படாத இந்த உடன்பாடுகளை யாரோ ஒருவர் எழுதி வைக்கவேண்டியுள்ளது. இங்கேதான் ஆவணமாக்கலின் முக்கியத்துவம் வெளிப்படுகின்றது. க்னோம் திட்டத்தார் பின்பற்றும் முறை இதற்குச் சிறந்த உதாரணமாகும். நிரலுக்கு மேலே எழுதப்படும் விளக்கக் குறிப்பிலேயே, திருப்பித் தரப்படும் பொருளின் உரிமை அழைத்தவருக்கு முழுமையாகக் கைமாறுகின்றதா, அது வெறுமையாக இருக்கக்கூடுமா என்பன குறிக்கப்படுகின்றன. அதே குறிப்பிலிருந்து வாசிப்பதற்கான ஆவணமும் பிறக்கின்றது. ஏனைய மொழிகளுக்கான பிணைப்பும் பிறக்கின்றது. எனவே, அக்குறிப்பிலுள்ள ஒரு சொல் பிழைத்தால் வாசகர் வழிதவறுவதுடன் நில்லாது, பிணைப்பும் பிழைத்துப்போகும். ஆவணம் எழுதுவது வேலை முடிந்தபின் செய்யும் அலங்காரம் என்ற எண்ணம் எத்துணை தவறானது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

ஆனால், அந்த வேலைக்குத்தான் ஆட்கள் கிடைப்பதில்லை. ஸ்விக்கின் ஆரம்பப் பதிப்புகள் பிணைப்புடன் ஆவணத்தையும் ஆக்கித் தந்தன. பின்னர் வந்த 1.3 வரிசைப் பதிப்புகளில் அவ்வசதி இல்லாது போயிற்று. சி நிரலின் விளக்கக் குறிப்புகளை ஜாவா, பைதன் மொழிகளின் ஆவண முறைக்கு மாற்றும் முயற்சி, கூகிளின் கோடைகாலத் திட்டத்தின்கீழ் 2008ஆம் ஆண்டு ஆரம்பமானது. அது முதன்மைப் பதிப்பில் இடம்பிடித்தது 2019ஆம் ஆண்டு வெளியான 4.0 பதிப்பிலேயே. கிடைத்த ஓய்வு நேரத்தில் சிலர் மாறி மாறிச் சுமந்த ஒரு வேலை கரைசேருவதற்குப் பதினொரு ஆண்டுகள் பிடித்துள்ளன.

இத்தகைய கருவியைப் பராமரிப்பவர் இரு வீட்டுக்கும் நடுவே நிற்கும் தரகரின் நிலையில் இருக்கின்றார் எனலாம். சி மொழியின் தர நியமம் மாறினாலும் அவர் மாறவேண்டும். மறுபக்கத்து மொழிகளுள் எது மாறினாலும் மாறவேண்டும். பைதனின் இரண்டாம் தலைமுறைக்கான ஆதரவு 2020ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதியுடன் முடிவடைந்தது. மூன்றாம் தலைமுறையோ ஆண்டுக்கொரு புதிய பதிப்பைக் கண்டு வருகின்றது. ஒவ்வொன்றின் போதும் நூற்றுக்கணக்கான சோதனைகளை மீண்டும் நடத்திப் பார்க்கவேண்டும். அனைத்தும் சரியாக நடந்தால் எவரும் எதனையும் கவனிப்பதில்லை. ஒன்று பிழைத்தால் முறைப்பாடுகள் குவிகின்றன. பராமரிக்க ஆளில்லாத சில மொழிகளுக்கான ஆதரவை ஸ்விக் குழுவினர் காலப்போக்கில் நீக்கவும் நேர்ந்தது. அவர்களைக் குறைகூறுவதற்கில்லை. இருக்கின்ற கைகளுக்கு ஏற்பவே சுமையைத் தூக்கலாம்.

இந்தப் புறக்கணிப்பின் விலை என்ன என்பதை உலகம் ஏற்கெனவே கண்டுள்ளது. இணையத் தொடர்புகளைப் பாதுகாக்கும் ஓபன் எஸ்.எஸ்.எல். என்ற சி நூலகத்தில் ஹார்ட்பிளீட் எனப் பெயரிடப்பட்ட பாரதூரமான குறைபாடு இருந்தமை 2014 ஏப்ரலில் வெளியானது. உலகின் பெரும் நிறுவனங்கள் பலவும் அந்த நூலகத்தில் தங்கியிருந்தபோதிலும், அதனைப் பேணியோருக்கு ஆண்டொன்றுக்குக் கிடைத்த நன்கொடை ஏறத்தாழ 2000 டொலர் மாத்திரமே என்ற செய்தி அப்போதுதான் பலருக்கும் தெரியவந்தது. பைதன் முதலிய மொழிகள் பிணைப்பின் வழியாக அதே நூலகத்தையே அழைப்பதால், அடித்தளத்தின் நோய் மேல்மாடிகள் அனைத்தையும் தொட்டது.

2024 மார்ச்சில் அம்பலமான எக்ஸ்.இசெட். விவகாரம் இதனைவிடக் கவலைக்குரியதாகும். கோப்புகளைச் சுருக்கும் அந்த நூலகத்தைத் தனியொருவர் நீண்டகாலமாகப் பராமரித்து வந்தார். வேலை மந்தமாக நடைபெறுவதாகப் பலர் அவரை நெருக்கினர். உதவ முன்வந்தவர் போல் தோன்றிய ஒருவர் சில ஆண்டுகள் பொறுமையாகப் பணியாற்றி, நம்பிக்கையை வென்று, பராமரிப்பு உரிமையையும் பெற்றுக்கொண்டார். 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் மறைவாயில் ஒன்று புகுத்தப்பட்டது அதன் பின்னரேயாகும். மைக்ரோசொப்ட் பொறியியலாளர் அன்ட்ரெஸ் ஃப்ரொயின்ட், தொலைக் கணனியொன்றில் நுழைவதற்கு அரைச் செக்கன் மேலதிகமாகப் பிடிப்பதை அவதானித்துத் துருவியதாலேயே பேராபத்து தவிர்க்கப்பட்டது. தனித்துவிடப்பட்ட பராமரிப்பாளரின் களைப்பே திருடன் நுழைந்த வழியாயிற்று.

இவையெல்லாம் தூரத்து நாட்டுச் சங்கதிகள் அல்ல. இன்று நாம் கைத்தொலைபேசியில் தமிழை வாசிப்பதும் இத்தகையதொரு நூலகத்தின் தயவிலேயே. ‘கொ’ என்ற எழுத்தைக் கணனி சேமிக்கும்போது ககரத்தை முதலிலும் உயிர்க்குறியைப் பின்னரும் வைக்கின்றது. திரையில் காட்டும்போது அக்குறி இரண்டாகப் பிரிந்து, ஒரு கொம்பு ககரத்துக்கு முன்னால் வந்து நிற்கவேண்டும். அண்ட்ரொயிட் தொலைபேசிகளிலும் குரோம், ஃபயர்ஃபொக்ஸ் ஆகிய உலாவிகளிலும் அந்த ஒழுங்கைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற திறந்த மூல நூலகமாகும். அரபு எழுத்துகள் சொல்லில் தாம் நிற்கும் இடத்துக்கேற்ப வடிவம் மாறி ஒன்றோடொன்று கைகோப்பதும் அதே நூலகத்தினாலேயே. ஏனைய நிரல்கள் அதனை சி மொழி வாசலின் வழியாகவே அழைக்கின்றன. இரு சமூகத்தவரின் எழுத்தும் மறையும் திரையில் பிழையின்றித் தெரிவது, நாம் அறியாத சிலரின் இடையறாத உழைப்பினால் என்பதை மறந்துவிடலாகாது.

உருவாக்கும் திறன் எமது நாட்டில் இல்லாமலும் இல்லை. அப்பாச்சி அக்ஸிஸ்2/சி என்ற இணையச் சேவை நூலகத்தை ஆக்கியதில் இலங்கைப் பொறியியலாளர்கள் முக்கிய பங்கு வகித்தனர். கொழும்பில் வேரூன்றிய டபிள்யு.எஸ்.ஓ.2 நிறுவனம் அதன்மீது பி.எச்.பி. போன்ற மொழிகளுக்கான இணைப்புகளையும் அமைத்தது. ஆனால், 2009ஆம் ஆண்டு வெளியான 1.6.0 பதிப்பின் பின்னர் ஒரு தசாப்தத்துக்கும் மேலாக அந்த சி நூலகத்தின் புதிய பதிப்பு எதுவும் வெளிவரவில்லை. தொழில்நுட்பத்தின் போக்கு மாறியதும் இதற்குக் காரணமாகலாம். எனினும், கட்டியெழுப்பும் வேளையில் திரளும் கைகள் காத்து நிற்கும் வேளையில் கலைந்துவிடுகின்றன என்பதை இது எமக்கும் உணர்த்துகின்றது.

இனி இவ்வேலையைச் செயற்கை நுண்ணறிவே பார்த்துக்கொள்ளும் எனச் சிலர் வாதிடலாம். பிணைப்புகளையும் ஆவணங்களையும் அது விரைவாக எழுதித் தருகின்றது என்பது உண்மையே. ஆயினும், முகப்புக் கோப்பில் எழுதப்படாத உடன்பாட்டை அதுவும் ஊகிக்கவே வேண்டியுள்ளது. அந்த ஊகம் சரியானதா எனப் பார்த்துப் பொறுப்பேற்பதற்கு மனிதர் ஒருவர் வேண்டும். செயற்கை நுண்ணறிவினால் எழுதப்பட்ட போலிக் குறைபாட்டு அறிக்கைகள் தமது நேரத்தை விழுங்குவதாக, கேர்ள் என்ற பிரபல சி நூலகத்தின் பராமரிப்பாளர்கள் 2025ஆம் ஆண்டு வெளிப்படையாகவே முறையிட்டனர். எழுதுவது இலகுவாகியுள்ள காலத்தில், எழுதியதைச் சரிபார்ப்பவரின் சுமை கூடியிருப்பதே யதார்த்தமாகும்.

சில நாடுகள் விழித்துக்கொண்டுள்ளன. ஹார்ட்பிளீட் சம்பவத்தை அடுத்து லினக்ஸ் அறக்கட்டளை 2014ஆம் ஆண்டிலேயே நிதித் திட்டமொன்றை ஆரம்பித்தது. ஜேர்மனிய அரசாங்கம் 2022ஆம் ஆண்டு இதற்கென நிதியமொன்றை நிறுவியது. அது அடுத்த ஆண்டு க்னோம் திட்டத்துக்குப் பத்து இலட்சம் யூரோ வழங்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் இணையத் தாங்குதிறன் சட்டம் 2024 டிசெம்பரில் அமுலுக்கு வந்தது. மென்பொருளை விற்று இலாபமீட்டுவோர் மீதே அச்சட்டம் பிரதான பொறுப்பைச் சுமத்துகின்றது. இலவசமாக உழைப்பவரின் தோளில் அதே பாரத்தை ஏற்றாதிருக்க அது முயன்றுள்ளமை வரவேற்கத்தக்கதாகும்.

எமது நாட்டின் வளத்துக்கேற்ற காரியங்களும் இல்லாமலில்லை. யாழ்ப்பாணம், கிழக்கு, தென்கிழக்கு, மொறட்டுவை முதலிய பல்கலைக்கழகங்களில் கணனித்துறை மாணவர்கள் இறுதியாண்டில் ஏதாவதொரு புதிய மென்பொருளை ஆக்கிச் சமர்ப்பிக்கின்றனர். அவற்றுட் பல பட்டமளிப்பு விழாவுடன் உறங்கிப் போகின்றன. அதற்குப் பதிலாக, உலகம் பயன்படுத்தும் நூலகமொன்றின் ஆவணத்தைத் திருத்துவதும் பிணைப்பொன்றைச் சீர்செய்வதும் புள்ளிக்குரிய பணிகளாக ஏற்கப்படலாம். மென்பொருள் ஏற்றுமதி செய்யும் நிறுவனங்கள் தாம் தங்கியிருக்கும் கருவிகளுக்கென ஊழியரின் நேரத்தில் ஒரு பகுதியை ஒதுக்கலாம். அரச திணைக்களங்கள் மென்பொருளைக் கொள்வனவு செய்யும்போது பராமரிப்புக்கான ஒதுக்கீட்டையும் கேள்விப்பத்திரத்தில் சேர்க்கலாம். இவற்றுள் எதற்கும் பெரும் கடன் வாங்கவேண்டிய தேவையில்லை.

அணைக்கட்டில் எலிவளை தோன்றும்போது குளத்து நீர் தெளிவாகவே இருக்கும். உடைப்பெடுத்த பின்னர் மண்மூட்டைகளுடன் ஓடுவதைவிட, கோடையிலேயே நான்கு பேர் மண்வெட்டியுடன் சென்று பார்த்து வருவது செலவு குறைந்தது. எமது மூதாதையர் வயலுக்காகக் கைக்கொண்ட அந்த வழக்கத்தை, எமது பிள்ளைகள் பிழைப்புக்காக நம்பியிருக்கும் கணனி உலகிலும் கைக்கொள்ளவேண்டிய காலம் வந்துவிட்டது என்பதைச் சம்பந்தப்பட்ட சகலருக்கும் சுட்டிக்காட்ட விரும்புகின்றோம்.