மூளையையும் தொடும் சர்க்கரை நோய்

சர்க்கரை நோய் என்றதும் காலில் ஆறாத புண், கண் மங்கல், சிறுநீரகக் கோளாறு ஆகியவைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். மூளையும் அதனால் பாதிக்கப்படும் என்பதை அறிந்தோர் குறைவு. மும்பையில் பட்டறையிலும் கிடங்கிலும் அலுவலகத்திலும் உழைக்கும் தமிழர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

உடல் எடையில் மூளையின் பங்கு சுமார் 2 சதவீதம்தான். ஆனால் உடல் செலவிடும் சக்தியில் சுமார் 20 சதவீதம் அதற்கே போகிறது. இரத்தத்தில் ஓடும் குளுக்கோஸ்தான் அதன் முக்கிய உணவு. அதற்காகச் சர்க்கரையை அள்ளித் தின்றால் அறிவு கூர்மையாகும் என்று எண்ணிவிடக் கூடாது. சோறு, சப்பாத்தியிலிருந்தே உடல் தனக்கு வேண்டிய குளுக்கோஸை எடுத்துக்கொள்ளும்.

கணையத்தில் சுரக்கும் இன்சுலின் குறைந்தாலும், உடல் அதற்குச் சரியாகக் கட்டுப்படாவிட்டாலும், சர்க்கரை இரத்தத்திலேயே தேங்குகிறது. ஆண்டுக்கணக்கில் இது நீடித்தால் இரத்தக் குழாய்கள் கெடுகின்றன. மூளைக்குச் செல்லும் குழாய்களும் இதற்கு விலக்கல்ல. பக்கவாதம் வரும் வாய்ப்பு கூடுகிறது. முதுமையில் நினைவு தடுமாறும் நோய்க்குத் தவிர்க்கக்கூடிய காரணங்கள் 14 என்று 'லான்செட்' மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024-இல் கூறியது. சர்க்கரை நோயும் அவற்றில் ஒன்று. சர்க்கரை நோயாளிகள் அனைவருக்கும் மறதி நோய் வரும் என்பது இதன் பொருளல்ல. ஆனால் அலட்சியத்துக்கு இடமில்லை.

சர்க்கரை ஏறுவது ஆண்டுக்கணக்கில் கெடுக்கும்; இறங்குவதோ சில நிமிடங்களில் ஆளைச் சாய்த்துவிடும். இன்சுலின் ஊசியோ சிலவகை மாத்திரைகளோ எடுத்துக்கொண்டு, வேலை நெருக்கடியில் சாப்பிடாமல் இருப்பவருக்குக் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், பேச்சு குழறும். மூளைக்கு உணவு போதவில்லை என்பதன் அடையாளம் அது. விவரம் அறியாத மேஸ்திரி, "குடித்துவிட்டு வந்திருக்கிறான்" என்று விரட்டிவிடக் கூடும். அவருக்கு நினைவு இருந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

வேலை போய்விடுமோ என்று அஞ்சி நோயை மறைப்பவர்கள் பலர். இந்த அச்சத்தைப் போக்குவது முதலாளிகளின் கடமை. உரிய நேரத்தில் சாப்பாட்டுக்கு இடைவேளை, ஆண்டுக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை, சர்க்கரை தனியாக வைத்த தேநீர் ஆகிய மூன்றையும் கேட்பது பெரிய கோரிக்கையாகாது.

தேநீரைச் சிறு விஷயம் என்று தள்ள முடியாது. இங்கே தேநீர் கொதிக்கும்போதே சர்க்கரை சேர்ந்துவிடுகிறது. குடிப்பவருக்கு வேறு வழியில்லை. இரண்டு கரண்டிச் சர்க்கரையுடன் நாளைக்கு ஐந்து தேநீர் குடித்தால் பத்துக் கரண்டி, அதாவது சுமார் 40 கிராம். நாளொன்றுக்கு சுமார் 25 கிராமுக்குள், அதாவது ஆறு கரண்டிக்குள், நிறுத்துவது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் கூறியது. தேநீர் ஒன்றே நோய்க்குக் காரணமல்ல. பரம்பரை, பருமன், உட்கார்ந்தே செய்யும் வேலை ஆகியவற்றுக்கும் பங்குண்டு. ஆனால் பரம்பரையை மாற்ற முடியாது, தேநீரை மாற்றலாம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் சேர்ந்து சென்னை ஆய்வு நிலையம் ஒன்று நடத்திய கணக்கெடுப்பு 2023-இல் வெளியாயிற்று. நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. 13 கோடிக்கும் அதிகமானோர் அதன் வாசலில் நிற்கிறார்கள் என்றது அது. வாசலில் நிற்பவர்கள் திரும்பி வர வழியுண்டு. ஆனால் அங்கே நிற்பது பரிசோதனை செய்தால்தான் தெரியும்.

முப்பது வயதைக் கடந்தவர்களுக்கு அரசு சுகாதார நிலையங்களில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கும் தேசியத் திட்டம் இருக்கிறது. இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்களுக்கு அந்த மருந்தகமும் உண்டு. விழா நடத்தும் தமிழ்ச் சங்கங்கள் மேடைக்கு அருகில் ஒரு பரிசோதனை மேஜையும் போடலாம். ஊருக்குப் பணம் அனுப்பும் கை நடுங்காமலும், பிள்ளைகளின் பெயர் மறக்காமலும் இருக்க வேண்டுமானால், ஒரு சொட்டு இரத்தம் கொடுக்கத் தயங்கலாகாது.