வில்லனின் கத்தியும் தண்டல்காரரின் நோட்டும்

என்னிடம் பொருளியல் பயின்று, இப்போது இணையத் தொடர்களுக்குத் திரைக்கதை எழுதிவரும் மாணவர் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் பேசினார். ராயபுரத்தைக் களமாகக் கொண்ட தொடர் ஒன்றை எழுதுகிறாராம். வில்லன் ஏழைகளைக் கடத்திச் சென்று, சிறுநீரகத்தை அறுத்தெடுத்து விற்பவன். உடலில் எந்த இடத்தில் கத்தி வைக்க வேண்டும், உறுப்பைப் பிரித்தெடுக்க எவ்வளவு நேரமாகும், பனிக்கட்டியில் அது எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதையெல்லாம் சொல்லக்கூடிய மருத்துவர் யாரையேனும் ஸ்டான்லி மருத்துவமனையில் எனக்குத் தெரியுமா என்று கேட்டார். ராயபுரத்துக்காரன் என்பதால் என்னிடம் கேட்டிருக்கிறார். அவருடைய அக்கறையைக் குறைகூற மாட்டேன். தமிழில் குற்றக்கதை எழுதுவோர் பலர் இந்த அளவுக்குக்கூட விசாரிப்பதில்லை.

இந்த வில்லன் நமக்குப் பழக்கமானவன். ராபின் குக் 1977-இல் எழுதிய 'கோமா' நாவல் அவனுக்கு உலகெங்கும் வழிதிறந்துவிட்டது. 2015 பிப்ரவரியில் மட்டும் 'என்னை அறிந்தால்', 'காக்கி சட்டை' என உறுப்புத் திருட்டை மையமாகக் கொண்ட இரண்டு தமிழ்ப் படங்கள் வெளிவந்தன. வில்லன் மட்டும் மாறிக்கொண்டிருக்கிறான். பலியாகிறவர் எப்போதும் மயக்கத்தில்தான் இருக்கிறார்.

மருத்துவ விவரங்களைச் சற்றே ஊன்றிப் படித்தால் இந்தக் கதையின் அடித்தளமே ஆட்டம் காண்கிறது. எடுக்கப்பட்ட சிறுநீரகம் குளிர்நிலையில் ஏறத்தாழ 24 முதல் 36 மணி நேரம் தாங்கும். இதயத்துக்கு நான்கு முதல் ஆறு மணி நேரமே கெடு. உயிருடன் இருப்பவரிடமிருந்து எடுக்கும்போது, இரத்தநாளம் நீளமாக இருப்பதால் இடப்பக்கச் சிறுநீரகத்தையே அறுவை மருத்துவர்கள் பெரும்பாலும் விரும்புவார்கள். ஆனால், அதற்கு முன்பே இரத்த வகை பொருந்த வேண்டும். திசுப் பொருத்தமும் எதிர்ப்புப் பொருள்களும் ஆய்வகத்தில் சோதிக்கப்பட வேண்டும். பிறகு அறுவை அரங்கு, மயக்க மருத்துவர், செவிலியர், பெறுபவருக்கு அடுத்த அரங்கு. தெருவில் கிடைத்த ஒருவரைக் கடத்திவந்து கிடங்கில் வைத்து அறுத்தால் கிடைப்பது யாருக்கும் பயன்படாத ஒரு சதைத்துண்டு. கொடுப்பவர் பலமுறை தாமாகவே நடந்துவந்து, இரத்தம் கொடுத்து, படிவங்களில் கையெழுத்திட்டால்தான் இந்த வணிகம் நடக்கும். அப்படி நடந்து வரச்செய்தது எது என்பதுதான் பொருளியல் மாணவன் கேட்க வேண்டிய கேள்வி.

அதற்கான விடை ராயபுரத்திலிருந்து வடக்கே சில கிலோமீட்டரில் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் வீடிழந்த கடலோரக் குடும்பங்கள் எர்ணாவூரில் குடியமர்த்தப்பட்டன. 2007 ஜனவரியில், அந்தச் 'சுனாமி நகர்' பெண்கள் பலர் சிறுநீரகத்தை விற்றிருக்கிறார்கள் என்ற செய்தி வெளியானபோது நாடே அதிர்ந்தது. கையில் கிடைத்தது 40,000 முதல் 60,000 ரூபாய் வரை என்று அப்போதைய செய்திகள் கூறின. அவர்களை யாரும் கடத்தவில்லை. மீன்பிடித் துறையிலிருந்து விலகிய குடியிருப்பில், கூடையில் மீன் சுமந்து விற்கும் பெண்ணுக்கு அன்றாட வருமானம் நின்றது. தண்டல்காரர் மட்டும் அன்றாடம் வந்தார். அதற்கும் முன்பே வில்லிவாக்கம் 'கிட்னிவாக்கம்' என்று பெயர் வாங்கியிருந்ததைச் சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள்.

சிறுநீரகம் விற்றவர்களைப் பற்றிய மிக முக்கியமான ஆய்வும் சென்னையில் நடந்ததே. மாதவ் கோயல் உள்ளிட்டோர் இங்கே 305 பேரைச் சந்தித்துச் சேகரித்த தரவுகள், 2002-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியாயின. 96 விழுக்காட்டினர் விற்றதற்குக் காரணம் கடன். சராசரியாக 1,410 டாலர் தருவதாகச் சொல்லி 1,070 டாலர் தந்திருக்கிறார்கள். விற்ற பிறகு குடும்ப வருமானம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. வறுமைக்கோட்டுக்குக் கீழிருந்தோர் 54 விழுக்காட்டிலிருந்து 71 விழுக்காடாக உயர்ந்தனர். கடனை அடைக்க விற்றவர்களில் நான்கில் மூன்று பேர் ஆய்வாளர்கள் சந்தித்தபோதும் கடனாளிகளாகவே இருந்தனர். இதில் புதிர் ஏதுமில்லை. கிடைத்தது ஒருமுறைத் தொகை. இழந்ததோ மூட்டை தூக்கவும் தண்ணீர்க் குடம் சுமக்கவும் உதவிய உடல் வலிமை, அதாவது நாள்தோறும் வந்துகொண்டிருந்த கூலி. வட்டி நாள்தோறும் ஏறும்போது கூலி நாள்தோறும் குறைந்தால் கணக்கு எங்கே முடியும்?

இதைவிடவும் என்னைக் கலங்கவைத்தது வேறொரு கவனிப்பு. லாரன்ஸ் கோஹன் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1990-களில் சென்னையில் சிறுநீரகம் விற்ற பெண்களுடன் பேசி எழுதினார். ஒரு வட்டாரம் உறுப்பு விற்பனைக்குப் பெயர் பெற்றுவிட்டால், கடன் கொடுத்தவர்கள் அங்கே கூடுதல் துணிவுடன் நெருக்குகிறார்கள் என்கிறார் அவர். நகையும் நிலமும் இல்லாதவருக்குச் சிறுநீரகமே பிணையாகிவிடுகிறது. விற்க மறுக்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணின் பேரம்பேசும் வலுவும் இதனால் குறைகிறது. 'விருப்பப்பட்டவர் விற்கிறார், அரசுக்கு என்ன?' என்று வாதிடும் என் துறை நண்பர்கள் இந்த இடத்துக்கு வந்ததும் பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.

2025 ஜூலையில் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் வெளிவந்தது இதே கதைதான். மீனவப் பெண்களின் இடத்தில் விசைத்தறித் தொழிலாளர்கள். தரகர் அதே, கடன் அதே. இரண்டு தனியார் மருத்துவமனைகளின் உறுப்பு மாற்று உரிமத்தை அரசு நிறுத்திவைத்தது. ஆகஸ்டில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. இவை வேண்டியவையே. 1994-ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 2011-இல் திருத்தப்பட்டு, வணிகத்துக்கு ஐந்து முதல் பத்தாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் என்று கடுமையாக்கப்பட்டது. அதன் பிறகும் பள்ளிபாளையம் நடந்திருக்கிறது.

சட்டத்தின் கண் எங்கே பார்க்கிறது என்பதைக் கவனியுங்கள். நெருங்கிய உறவினர் அல்லாதவர் 'அன்பின் காரணமாக' உறுப்பு தருவதானால் அங்கீகாரக் குழு ஒப்புதல் தர வேண்டும். 2014-ஆம் ஆண்டு விதிகளின்படி இருவரின் தொழிலுக்கும், மூன்று நிதியாண்டு வருமானத்துக்கும் சான்று கேட்கப்படும். வருமானச் சான்றைத் தரகரே ஏற்பாடு செய்துவிடுவார். கடன் விவரத்தை விதி கேட்கவில்லை. இன்னொரு பக்கம், 2003-இன் கந்துவட்டித் தடைச் சட்டமும், கடன் நிறுவனங்களின் வன்வசூலைத் தடுக்க 2025-இல் வந்த தமிழ்நாட்டுச் சட்டமும் கடன் கொடுத்தவரைக் கண்காணிக்கின்றன. ஒரு கோப்பு மக்கள் நல்வாழ்வுத் துறையில், மற்றது காவல் நிலையத்தில்.

நுண்கடன் நிறுவனங்களில் பெற்ற கடன் கடன்தகவல் நிறுவனங்களின் பதிவில் இருக்கிறது. ஒப்புதலுக்கு முன் அங்கீகாரக் குழு அதைக் கேட்டுப் பெறலாம். தண்டலும் மீட்டர் வட்டியும் எந்தப் பதிவிலும் வராது. அதற்கு, கொடுப்பவரின் தெருவுக்கு வருவாய்த் துறை ஊழியர் ஒருவர் தரகர் உடனில்லாத நேரத்தில் போய், வீட்டுப் பெண்களிடம் அமர்ந்து விசாரிக்க வேண்டும். அப்படி ஒரு விசாரணையை விதிகளில் சேர்க்கச் சட்டமன்றம் வரை போக வேண்டியதில்லை. அரசாணை ஒன்றே போதும் என நினைக்கிறேன்.